பிள்ளை பால் குடிக்கும் தடவைகள் ஏன் மாறுகின்றன?

ஓர்ஸ் ஹில்லில் உள்ள எமது அலுவலகத்திற்கு மீள்குடியேறும் குடும்பங்கள் பல கேள்விகளுடன் வருகின்றன. வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல், காணி உறுதி, கிணறு துப்புரவு, பாடசாலை அனுமதி என்று எல்லாவற்றையும் வீட்டார் கேட்டு முடித்த பிறகு, மடியில் கைக்குழந்தையுடன் இருந்த தாய் எழும்பும்போது மெல்லிய குரலில் இன்னொன்று கேட்பார்: “பிள்ளை முந்தின மாதிரிக் குடிக்குதில்லை. பால் வத்திட்டுதோ தெரியேல்ல.” வேறொரு நாள் வேறொரு தாய் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்: “ஓயாமல் குடிச்சுக்கொண்டே இருக்குது. என்ர பால் காணாது போல.”

ஒரு பிள்ளை முன்னரை விடக் குறைவான தடவை குடிக்கிறது. மற்றது கூடுதலான தடவை குடிக்கிறது. ஆனால் இரண்டு தாய்மாரும் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: பால் போதாது. அந்த முடிவிற்குப் பிறகு வீட்டிற்குள் வருவது பால்மாப் பெட்டியும் போத்தலும். பெரும்பாலான வேளைகளில் அந்த முடிவு தவறானது. தண்ணீர் வசதியும் அடுப்பு வசதியும் இன்னும் சரிவராத ஒரு புதுக் கொட்டிலில் அந்தத் தவறு பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் வீடு, காணி பற்றிய பாடங்களுடன் இந்தப் பாடத்தையும் சேர்த்திருக்கிறோம். தாய் மட்டும் வாசித்தால் போதாது. அம்மம்மா, மாமி, கணவர் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

1. பால் எப்படிச் சுரக்கிறது?

மார்பகத்தைத் தண்ணீர்த் தாங்கி என்று பலர் நினைக்கிறோம். குடிக்கக் குடிக்கத் தாங்கி வெறுமையாகும், பிறகு நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். அதை ஊற்றுக் கிணறு என்று நினைத்தால் உண்மைக்குக் கிட்ட வரும். இறைக்க இறைக்க ஊறும். இறைக்காமல் விட்டால் ஊற்று மந்தமாகும்.

இதற்குக் காரணம் உண்டு. பால் மார்பகத்தில் தேங்கி நிற்கும்போது, “போதும், மெதுவாகச் சுரக்கலாம்” என்று அறிவிக்கும் ஒரு பொருள் அந்தப் பாலிலேயே சேர்கிறது. பிள்ளை உறிஞ்சிப் பாலை வெளியே எடுத்ததும் அந்தத் தடை நீங்கி, சுரப்பு வேகமாகிறது. ஆகவே பிள்ளை அடிக்கடி குடிப்பது பால் குறைந்ததற்கான அடையாளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிக்கடி குடிப்பதால்தான் பால் கூடுகிறது.

இரண்டு ஓமோன்கள் இதில் வேலை செய்கின்றன. பாலை உண்டாக்குவது புரொலக்ரின். இது இரவில் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் இரவில் பாலூட்டுவதை நிறுத்தும் தாய்க்குச் சில நாட்களில் பகற்பாலும் குறையக்கூடும். உண்டான பாலை வெளியே தள்ளுவது ஒக்சிரோசின். கவலை, பயம், வலி, களைப்பு இருக்கும்போது இது சற்றுத் தாமதமாக வரும். பிள்ளை வாய் வைத்தும் பால் உடனே வராமல் அழும். இதைத்தான் “இடம்பெயர்ந்த கவலையில பால் வத்திப்போச்சு” என்று சொல்கிறோம். உண்மையில் பால் வற்றவில்லை, வருவதற்குத் தாமதிக்கிறது. தாய் வசதியாகச் சாய்ந்திருந்து, பிள்ளையை உடம்போடு அணைத்து, ஒருவர் முதுகைத் தடவிக் கொடுக்க, சில நிமிடங்களில் பால் இறங்கும்.

2. வயதுக்கு வயது என்ன மாறுகிறது?

முதல் இரண்டு மூன்று நாட்கள்: பிறந்த அன்று பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிப் பாலைத்தான் கொள்ளும். தாயிடம் அப்போது இருப்பதும் அந்தளவுதான். மஞ்சள் நிறமான, தடித்த சீம்பால் அது. கடும்புப்பால் என்றும் சொல்வோம். அளவு சிறிதென்பதால் அடிக்கடி கேட்கும். “பால் இன்னும் வரேல்ல” என்று சீனித்தண்ணீரோ தேனோ கொடுக்க வேண்டாம். அந்தச் சில துளிகளில் நோயெதிர்ப்புச் சக்தி நிறைந்திருக்கிறது.

மூன்றாம் நாள் முதல் ஒரு மாதம் வரை: பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் பால் பெருகும். இந்தக் காலத்தில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழக்கம். இதைவிடக் கூடினாலும் பயமில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: முதல் கிழமைகளில் எந்நேரமும் நித்திரையாக இருந்து, கேட்காமலே கிடக்கும் பிள்ளையை “அழாத நல்ல பிள்ளை” என்று விட்டுவிடாதீர்கள். 3 மணி நேரத்திற்கு மேல் நித்திரை கொண்டால் எழுப்பிப் பால் கொடுங்கள். குறைவாகக் குடிப்பது மூன்றாம் நான்காம் மாதத்தில் இயல்பாக இருக்கலாம். முதல் கிழமைகளில் அது ஆபத்தாகலாம்.

ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை: வயிறு பெரிதாகிறது. உறிஞ்சும் பலமும் கூடுகிறது. முன்பு அரை மணி நேரம் எடுத்த பாலைப் பத்து நிமிடத்தில் குடித்து முடிக்கும் பிள்ளைகள் உண்டு. சில பிள்ளைகளுக்குத் தடவைகள் குறையும். அதே பிள்ளை திடீரென்று இரண்டு மூன்று நாட்களுக்கு மணிக்கொரு தடவை கேட்கவும் செய்யும். இது பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் கிழமையிலும், ஆறாம் கிழமையளவிலும், மூன்றாம் மாதமளவிலும் நடக்கும். எல்லாப் பிள்ளைகளும் நாட்காட்டி பார்த்து நடப்பதில்லை. ஒரு கிழமை முந்தலாம், பிந்தலாம். வளரும் உடம்பு கூடுதல் பால் கேட்கிறது. அடிக்கடி உறிஞ்சித் தாயின் சுரப்பைக் கூட்டிக்கொள்கிறது. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் சில நாட்களில் பழைய ஒழுங்கு திரும்பும்.

மாலை நேரம்: பொழுதுபடும்போது தொடங்கி இரவு வரை விட்டு விட்டுக் குடிப்பதும் அழுவதும் பல பிள்ளைகளின் பழக்கம். பிறகு நீண்ட நேரம் நித்திரை கொள்ளும். இதுவும் வழமையானதே.

நான்காம் ஐந்தாம் மாதம்: பிள்ளை உலகத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. நாய் குரைத்தால் தலையைத் திருப்பும். அண்ணன் சிரித்தால் குடிப்பதை விட்டுவிடும். பகலில் அவசரமாகக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு அமைதியில் ஈடுசெய்யும். அமைதியான ஓரமாக இருந்து கொடுத்துப் பாருங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும்: தாய்ப்பாலுடன் மேலதிக உணவு தொடங்க வேண்டும். உணவு கூடக் கூடப் பால் குடிக்கும் தடவைகள் மாறும். ஆனாலும் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

3. பிள்ளை வளர்கிறதே, பாலும் வளர வேண்டாமா?

இது நியாயமான கேள்வி. மேற்கு அவுஸ்திரேலியாவில் நடந்து 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாக வளர்ந்துவந்த 71 பிள்ளைகளை ஒரு நாள் முழுவதும் அளந்து பார்த்தார்கள். அவர்களின் வயது ஒன்று முதல் ஆறு மாதம். சராசரியாக ஒரு பிள்ளை 24 மணி நேரத்தில் 11 தடவை குடித்தது. ஆனால் ஒரு பிள்ளை 6 தடவையும் இன்னொரு பிள்ளை 18 தடவையும் குடித்தன. ஒரு நாளில் குடித்த பால் சராசரியாக 788 கிராம். இதிலும் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் நலமாகவே வளர்ந்தன.

இன்னொரு விடயமும் முக்கியமானது. ஒரு மாதத்திற்குப் பின் ஆறு மாதம் வரை ஒரு நாளைய பாலின் அளவு பெரிதாக மாறுவதில்லை. காலம் செல்லச் செல்லத் தடவைகள் பொதுவாகக் குறைகின்றன. ஒவ்வொரு தடவையும் குடிக்கும் அளவு கூடுகிறது. முதல் மாதங்களில் பிள்ளை மிக வேகமாக வளர்கிறது, பிறகு அந்த வேகம் தணிகிறது. அதனால் உடம்பு பெரிதானாலும் அதே அளவு பால் போதுகிறது.

ஆகவே அயல்வீட்டுப் பிள்ளை எத்தனை தடவை குடிக்கிறது என்று ஒப்பிட வேண்டாம். ஒரு தாயின் மார்பகம் ஒரே நேரத்தில் கூடுதல் பாலைச் சேர்த்து வைக்கும். இன்னொரு தாயுடையது குறைவாகச் சேர்த்து வைக்கும். வெளித்தோற்றத்தின் பருமனைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. குறைவாகச் சேர்த்து வைக்கும் தாயின் பிள்ளை கூடுதல் தடவை குடித்து, ஒரு நாளில் அதே அளவைப் பெற்றுக்கொள்ளும்.

4. ஆறாம் கிழமை: பல வீடுகளில் போத்தல் நுழையும் நேரம்

ஆறாம் கிழமையளவில் மூன்று விடயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. பிள்ளை திடீரென்று அடிக்கடி குடிக்கத் தொடங்குகிறது. பிள்ளைகளின் அழுகை பொதுவாகவே இந்த வயதில்தான் உச்சத்தில் இருக்கும். மூன்றாம் நான்காம் மாதத்தில் தானாகக் குறையும். அதே நேரத்தில், முதலில் கல்லாக இறுகிப் பால் வடிந்த மார்பகம் மென்மையாகி, வடிவதும் நின்றுவிடும். சுரப்பு பிள்ளையின் தேவைக்கு அளவாகச் சீரடைந்ததன் அடையாளம் அது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வீட்டார் “பால் வத்திட்டுது” என்று தீர்மானிக்கிறார்கள். துடக்குக் கழித்து, பத்தியமும் முடிந்து, உதவிக்கு வந்த தாயும் ஊருக்குத் திரும்பிவிடும் காலம் என்பதால் சொல்லித் தேற்றவும் ஆளிருக்காது. ஒரு போத்தல் பால்மா கொடுத்துப் பார்ப்பார்கள். பிள்ளை மூன்று நான்கு மணி நேரம் நித்திரை கொள்ளும். “பார்த்தியா, பசியிலதான் அழுதிருக்கு” என்பார்கள்.

பால்மா தாய்ப்பாலை விட மெதுவாகச் சமிக்கும். நீண்ட நித்திரைக்கு அதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் தாயின் பால் தேங்கி நிற்கிறது. தேங்கினால் சுரப்பு மந்தமாகும் என்று மேலே பார்த்தோம். அடுத்த நாள் உண்மையிலேயே பால் சற்றுக் குறையும். இரண்டாவது போத்தல் வரும். இரண்டு கிழமையில், இல்லாதிருந்த குறை உண்மையான குறையாகிவிடும்.

ஏற்கனவே போத்தல் தொடங்கிவிட்ட தாய் மனமுடைய வேண்டாம். அடிக்கடி மார்பில் பிடித்து, போத்தல் பாலைப் படிப்படியாகக் குறைத்தால் பல தாய்மாருக்குச் சுரப்பு மீளும். தனியே செய்யாமல் குடும்பநல உத்தியோகத்தரின் உதவியுடன், பிள்ளையின் நிறையைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

5. திரும்பிச் செல்லும் வீட்டில் கவனிக்க வேண்டியவை

சம்பூர்ப் பகுதிக் குடும்பங்கள் பல 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களில் முகாம் வாழ்க்கை வாழ்ந்து, 2015 இலும் 2016 இலும்தான் சொந்தக் காணிக்குத் திரும்பின. இவ்வளவு காலம் இறைக்காத கிணற்று நீரில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்து, இறைத்து, குளோரின் இட்டுச் சரி என்று சொல்லும்வரை அது குடிக்கும் நீர் ஆகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்த நீர் வேண்டும். அதைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். போத்தலையும் சூப்பியையும் ஒவ்வொரு தடவையும் அவிக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 20 கிலோ பால்மா தேவை. 400 கிராம் பெட்டியில் கணக்கிட்டால் 50 பெட்டி. அதை மிச்சம் பிடிக்கவென்று தண்ணீரைக் கூட்டிக் கரைத்தால் பிள்ளை மெலியும்.

இது எமது மாவட்டத்திற்கு மட்டுமான கதையல்ல. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நல்லெண்ணத்துடன் பால்மாப் பெட்டிகள் அள்ளிக் கொடுக்கப்பட்டன. பின்னர் ஆராய்ந்தபோது, நன்கொடைப் பால்மா கிடைத்த சிறு பிள்ளைகளிடம் வயிற்றோட்டம் மற்றப் பிள்ளைகளை விட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. எமது நிவாரணப் பொதியில் ஏன் பால்மா இல்லை என்று கேட்பவர்களுக்கு எமது பதில் இதுதான். தாயில்லாத பிள்ளைக்கோ, மருத்துவக் காரணத்தால் பாலூட்ட முடியாத தாய்க்கோ பால்மா தேவைப்பட்டால், சுகாதார வைத்திய அதிகாரியின் ஆலோசனையுடன் தனியாக ஒழுங்கு செய்ய வேண்டும். அந்தத் தாயை யாரும் குறை சொல்லக் கூடாது.

வீடு திரும்பும் கிழமைகளில் குடிக்கும் தடவைகள் மாறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

காணி துப்புரவு: பற்றை வெட்டவும், தகரம் ஏற்றவும், தண்ணீர் சுமக்கவும் தாய் பகலெல்லாம் நிற்பார். பிள்ளை அம்மம்மாவுடன் இருக்கும். பகலில் இரண்டு மூன்று தடவை தவறும். இரவில் பிள்ளை அதை ஈடுசெய்யும். “இரவெல்லாம் விடுதில்லை” என்பதன் காரணம் இதுதான். இயன்றவரை பிள்ளையை நிழலில் ஏணை கட்டி அருகிலேயே வைத்திருங்கள். முடியாவிட்டால் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, அவித்த கோப்பையில் பாலைக் கையால் பிழிந்து மூடி வைத்துச் செல்லுங்கள். 4 மணி நேரத்திற்குள் கோப்பையாலேயே பருக்க வேண்டும். வெக்கை கூடிய நாளில் இன்னும் சீக்கிரமாக.

வெக்கை: கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிள்ளை சற்றுச் சற்றாக, அடிக்கடி குடிக்கும். அது தாகம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்களவு தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும்வரை கொதித்தாறிய நீரோ, கொத்தமல்லித் தண்ணீரோ, கிரைப் வோட்டரோ வேண்டாம். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு. பாலூட்ட உட்காரும்போது தாய்க்கு ஒரு செம்பு நீர் கொடுங்கள்.

தாயின் சாப்பாடு: முருங்கை இலை, உள்ளி, பால்சுறா வறை எல்லாம் நல்ல உணவுகள்தான். ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளையின் உறிஞ்சல். உணவு தாயின் உடம்பைக் காக்கிறது. சிகிச்சை நிலையத்தில் பாலூட்டும் தாய்க்கென்று தரும் திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கிட்டு விடாதீர்கள்.

6. பால் போதுமா என்று எப்படி அறிவது?

தடவைகளை எண்ணிப் பயப்படுவதை விட்டு, இவற்றைப் பாருங்கள்:

• ஆறாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 தடவையோ அதற்கு மேலோ சிறுநீர் கழிக்கிறது, நிறம் வெளிறியிருக்கிறது.
• பிறந்த பின் சற்றுக் குறைந்த நிறை, இரண்டு கிழமையளவில் பழைய அளவிற்கு வந்துவிட்டது.
• முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் வரை கூடுகிறது. பல பிள்ளைகள் ஐந்தாம் மாதமளவில் பிறந்த நிறையின் இரண்டு மடங்கை எட்டும்.
• சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறைக் கோடு மேல்நோக்கிச் செல்கிறது.
• குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்கிறது. விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கிறது.

மலம் கழிப்பதைப் பற்றியும் ஒரு சொல். முதல் மாதத்தில் ஒரு நாளில் பல தடவை போன பிள்ளை, ஆறாம் கிழமைக்குப் பின் சில நாட்களுக்கு ஒரு தடவை போகலாம். மலம் இளக்கமாக இருந்து, பிள்ளை நன்றாகக் குடித்தால் அதுவும் இயல்பே.

7. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை

சிறுநீர் குறைந்து கடும் நிறமாதல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், எழுப்பியும் சரியாக எழும்பாமை, காய்ச்சல் அல்லது உடம்பு குளிர்தல், உச்சிக்குழி உட்குழிதல், மஞ்சள் நிறம் கை கால்வரை பரவுதல், பச்சை நிற வாந்தி, வலிப்பு, மூச்சு வேகமாக இழுத்தல். தாய்க்கு மார்பகம் சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தாலும் தாமதிக்க வேண்டாம். நிறை கூடவில்லை என்றால் ஒரு மாதம் பொறுக்காமல் அந்தக் கிழமையே காட்டுங்கள். பல வேளைகளில் பிள்ளையை மார்பில் பிடிக்கும் முறையைத் திருத்தினாலே போதும்: முலைக்காம்பு மட்டுமன்றி, சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் இருக்க வேண்டும்.

8. இடம் மாறும்போது பதிவையும் மாற்றுங்கள்

முகாமிலிருந்தோ, நகரத்தில் உறவினர் வீட்டிலிருந்தோ, தமிழ்நாட்டிலிருந்தோ ஊருக்குத் திரும்பும் தாய், முதல் கிழமையிலேயே அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். பிள்ளையின் பதிவேட்டையோ தமிழ்நாட்டில் தந்த தடுப்பூசி அட்டையையோ அரிசிப் பையோடு லொறியில் ஏற்றாமல் கைப்பையில் வைத்திருங்கள். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசிகளும் நிறை பார்ப்பதும் அதை வைத்துத்தான் தொடரும். பதிவேடு தொலைந்திருந்தாலும் போய்ச் சொல்லுங்கள், புதிதாகத் தொடங்கலாம்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்திற்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். முகாம்களிலும் கொட்டில்களிலும் பிள்ளை வளர்த்த தாய்மாரும் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். உங்களாலும் முடியும்.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு நாள் காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை, பிள்ளை சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பைக்குள் ஒரு புளியங்கொட்டை போடுங்கள். கணவரோ மாமியோ போடலாம். மறுநாள் எண்ணுங்கள். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் பிள்ளைக்குப் பால் கிடைக்கிறது. குறைந்திருந்தால் அன்றே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

தாய்மார் குழுவில் கலந்துரையாட

1. உங்கள் மூத்த பிள்ளைக்குப் போத்தல் தொடங்கியது எத்தனையாவது கிழமையில்? அப்போது வீட்டில் யார் என்ன சொன்னார்கள்?
2. காணி துப்புரவு நாட்களில் பாலூட்டும் தாயின் வேலைகளில் எவற்றை மற்றவர்கள் ஏற்கலாம்?
3. “பால் காணாது” என்று ஒரு தாய் சொன்னால், பால்மா பற்றிப் பேசும் முன் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் எவை?